பதினாலு அடியில் தண்ணீர்

ஜெயவேலுவின் கிணற்றில் தண்ணீர் இருந்தது என்பது அவரையும், அவர் மனைவி கிளியம்மாளையும், அவர்களுடைய மூன்று எருமைகளையும் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அரசாங்கமே அதை எழுத்து மூலமாகத் தெரிவித்திருந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம், சித்திரை மாதத்துக் கொளுத்தும் வெயிலில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த கடிதம் இப்படிச் சொன்னது: "தாங்கள் ஆழ்துளைக் கிணறு அமைக்க அனுமதி கோரிய மனு பரிசீலிக்கப்பட்டது. தங்கள் மனையிலுள்ள கண்காணிப்புக் கிணறு எண் 47-இல் பதினாலு அடியில் நீர் இருப்பது கணினித் திரையில் தெள்ளத் தெளிவாகக் காணப்படுவதால், புதிய கிணற்றுக்கான அவசியம் எழவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது." கீழே, தென்புறநகர் நிலத்தடி நீர்க் கணிப்பு மையத்தின் துணை இயக்குநர் பட்டாபிராமன் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஜெயவேலு கடிதத்தை உரக்கப் படித்தார். கிளியம்மாள் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அரசாங்கம் இவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு ஒரு தடவை பார்த்துவிடுவதில் தப்பில்லை அல்லவா? முப்பதடிக் கிணற்றின் அடியில் வெடித்த சேறும் ஒரு பழைய வாளியும் கிடந்தன. மாசி மாதத்திலிருந்தே அவை அப்படித்தான் கிடந்தன.

சேலையூருக்கு அப்பால் ஜெயவேலுவின் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் எட்டு ஏக்கர் நஞ்சை இருந்தது. இப்போது அந்த எட்டு ஏக்கரிலும் சம்பளக்காரர்கள் வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார்கள். மிஞ்சியது ஒரு வீடு, ஒரு கொட்டகை, ஒரு கிணறு, மூன்று எருமை. அந்த மூன்றும் கறக்கும் பாலைக் கேம்ப் ரோடு வீடுகளுக்கு ஊற்றித்தான் சாப்பாடு நடந்தது. கிணற்றின் கைப்பிடிச் சுவரில் 47 என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்ததை ஜெயவேலு ஒரு மரியாதையாகவே நினைத்திருந்தார். எண்பத்தொன்றில் அரசாங்க ஆள் வந்து எழுதிவிட்டுப் போனது. அதன் பிறகு மாதம் ஒருமுறை ஒருவர் அளவு நாடாவோடு வந்து, கிணற்றுக்குள் விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் என்று குறித்துக்கொண்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவார். மையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் நாடாக்காரர் வருவது நின்றுவிட்டது. கிணற்றை எட்டிப் பார்க்காமலே தண்ணீரைச் சொல்லத்தானே கம்ப்யூட்டர் வாங்கினார்கள்? அப்புறமும் எட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டருக்கு என்ன மரியாதை?

"இதோ பாருய்யா," என்றாள் கிளியம்மாள். "அடி பம்புலேர்ந்து நாளைக்கு நாப்பது கொடம் தூக்கறேன். அதுங்களுக்கு அது தொண்டைய நனைக்கக்கூடப் பத்தல. ஆடி பொறக்கறதுக்குள்ள போருக்கு ஒரு வழி பண்ணு. இல்லாங்காட்டி மூணையும் பல்லாவரம் சந்தைக்கு ஓட்டிட வேண்டியதுதான். தண்ணி இல்லாம அதுங்க என் மூஞ்சியப் பாக்கறத என்னால தாங்க முடியல."

சொல்லிவிட்டு அழுதாள். பல்லாவரம் சந்தை கூடுவது வெள்ளிக்கிழமை. கிளியம்மாளோ வெள்ளிக்கிழமையன்று பக்கத்து வீட்டுக்கு ஒரு சிட்டிகை உப்புகூட எடுத்துக் கொடுக்காதவள். அவள் வாயிலிருந்து சந்தை என்ற வார்த்தை வந்தது ஜெயவேலுவுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவர் மையத்துக்குப் போனார்.

மையம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இயங்கியது. கீழே முகூர்த்தம், மேலே நிலத்தடி நீர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. மாடிப்படி முடியும் இடத்தில் பியூன் சம்பந்தம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"செருப்பக் கயட்டு. காலக் கழுவிக்கினு உள்ள போ. கம்ப்யூட்டர் கீது. தூசு பட்டா அதுக்கு ஆவாது."

"தண்ணி எங்கண்ணா?"

"தண்ணிக்கு நான் எங்க போறது? கொயாய்ல தண்ணி வந்து ஆறு மாசம் ஆவுது. அந்தா பேப்பர் கீது பாரு, அத்தக் கிழிச்சுத் தொடச்சுக்க."

ஜெயவேலு பேப்பரில் காலைத் துடைத்தார். அன்றைய பேப்பரில் குடிநீர்த் தட்டுப்பாடு இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அந்தக் கட்டடத்திலேயே குளிரூட்டப்பட்ட அறை அது ஒன்றுதான். நடுவில் மேஜைமேல் சிவப்பு வெல்வெட் உறை போர்த்தி, கம்ப்யூட்டர் அமர்ந்திருந்தது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் அழியாமல் இருந்தன. பக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அதை இயக்கும் ஞானாம்பாள். எதிரே உட்கார்ந்திருந்த துணை இயக்குநர் பட்டாபிராமன் தலையசைத்ததும் அவர் உறையை நான்காக மடித்து வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். ஜெயவேலு தன்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. தாம்பரம் வந்து, சேலையூர் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. எல்லோரும் வெளியே வந்து வியர்வையைத் துடைத்தார்கள்; கரண்ட் வந்ததும் மறுபடி காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். படம் முதலிலிருந்து இறங்கத் தொடங்கியது. முக்கால் மணி நேரத்தில் பொத்தேரி வரைக்கும் வந்து நின்றது.

அழகான படம்தான். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கும் நீலம், நடுநடுவே பச்சை, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். திருநீர்மலை மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. நீலத்தின்மேல் குட்டிக் குட்டியாக ஆயிரம் வெள்ளை அம்புக்குறிகள். பூமிக்கடியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவை காட்டுகின்றனவாம்.

"இதுக்குப் பேர் மாடல்," என்றார் பட்டாபிராமன். "பூமிக்கு அடியில என்ன நடக்கறதுன்னு கணக்குப் போட்டுக் கலர்ல காட்டும். முன்னெல்லாம் தண்ணி எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கக் கிணத்துல எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு அன்சயின்டிஃபிக்! நான் இந்தப் போஸ்ட்டுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. ஒரு கிணத்தைக்கூட நேர்ல பார்த்ததில்லை. அவ்வளவு அட்வான்ஸ் ஆயிட்டோம்."

"என் கெணறு எங்க சார் கீது?"

ஞானாம்பாள் பென்சிலால் காட்டினார். நல்ல நீலத்தின் நடுவே ஒரு கூட்டல் குறி. ஜெயவேலு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் தான் எட்டிப் பார்த்தது வேறு யார் கிணறாவது இருக்குமோ என்று ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நீலம்னா தண்ணி நெறைய, மஞ்சள்னா கம்மி. செவப்புனா அறவே இல்லைன்னு ஓரத்துல போட்டுக்கீது. ஆனா படத்துல செவப்பே காணுமே சார்?"

"சிவப்பு வந்தா மேலிடத்துலேர்ந்து கேள்வி வரும். அதனால சிவப்பு வராத மாதிரி அளவை வெச்சிருக்கோம்."

ஜெயவேலு இன்னொன்றும் கேட்டார். தன் கிணற்றுக்கு மேற்கே கருநீலமாகப் பெரிய வட்டம் ஒன்று தெரிந்தது. அது என்ன?

"செம்மண் தாங்கல். உங்க பக்கத்து ஏரிதானே, தெரியாதா? அங்கேர்ந்துதான் உங்க கிணத்துக்குத் தண்ணி வருது. அம்புக்குறியைப் பாருங்க, நேரா உங்க கிணத்துக்குள்ள இறங்கறது."

"தாங்கல் இப்ப ஏது சார்? அத்தத் தூத்து பிளாட் போட்டுப் பத்து வருசம் ஆவுதே. வருணா நகர்னு பேரு."

"எனக்குத் தெரியாதா? என் வீடே வருணா நகர்லதான். ரெண்டாவது குறுக்குத் தெரு." பட்டாபிராமன் பொறுமையாக விளக்கினார். "ஆனா எழுபத்தொண்ணாம் வருஷ மேப்புல அது ஏரி. அந்த மேப்பை வெச்சுத்தான் மாடல் பண்ணியிருக்கு. அதுல ஏரி எப்பவும் நிரம்பியே இருக்கும். கோடையிலயும் ஒரு அங்குலம் குறையாது."

"அப்ப நீங்க தண்ணிக்குள்ளயா சார் குடியிருக்கீங்க?"

பட்டாபிராமன் ஞானாம்பாளைப் பார்த்தார். ஞானாம்பாள் இரண்டு பொத்தான்களைத் தட்டினார்.

"பதினோரு அடி ஆழத்துல சார்," என்றார்.

"மாடல்படி ஆமாம்," என்றார் பட்டாபிராமன்.

"சார், நான் கண்ணால பாத்தேன் சார். கெணத்துல பொட்டுத் தண்ணி இல்ல."

"ஜெயவேலு, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். தீர விசாரிக்கத்தான் இந்த மெஷின். வேற ஏதாவது ஆதாரம் இருந்தா ஆஃபீஸ்ல கொடுங்க."

ஆதாரம் என்றதும் ஜெயவேலுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறுநாள் காலை கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறங்கி, அடியில் வெடித்துக் கிடந்த சேற்றுக் கட்டி ஒன்றைப் பெயர்த்து, சிமெண்ட் பையில் போட்டு, பஸ்ஸில் ஏற்றி மையத்துக்குக் கொண்டுபோனார். கல்போல் காய்ந்திருந்த அந்தக் கட்டியைத் தபால் பிரிவு குமாஸ்தா நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மூணு காப்பி வேணுமே," என்றார்.

ஜெயவேலு கட்டியைப் படியில் தட்டி மூன்றாக உடைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, எண் போட்டு, ஒன்றைக் கோப்பில் வைத்து, ஒன்றை மேலிடத்துக்கு அனுப்பி, மூன்றாவதை ஒப்புகையாக ஜெயவேலுவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவர் அதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துவந்து பரணில் வைத்தார்.

கோப்பில் வைத்த கட்டி உதிர்ந்து பட்டாபிராமனின் வெள்ளைச் சட்டையில் கொட்டியதால்தான் களப் பரிசோதனைக்கு உத்தரவானது. வைகாசியில் ஒரு நாள் ஜீப் வந்தது. பட்டாபிராமன் இறங்கினார், குடையோடு ஞானாம்பாள் இறங்கினார், குழலில் சுருட்டிய வண்ணப் படத்தோடு சம்பந்தம் இறங்கினார். படத்தைக் கிணற்றுச் சுவர்மேல் விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் சாணி வரட்டி வைத்தார்கள். பட்டாபிராமன் முதலில் படத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு கிணற்றுக்குள் பார்த்தார். பிறகு மறுபடி படத்தைப் பார்த்தார்.

கிளியம்மாள் ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டாள். "டொக்" என்றது.

"கேட்டுச்சா சார்?"

"காதால் கேட்பதும்..." என்று ஆரம்பித்த பட்டாபிராமன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தப்பு எங்கன்னு இப்பப் புரிஞ்சுபோச்சு. இந்தக் கிணறு மாடலோட ஒத்துப்போகலை. எங்ககிட்ட மொத்தம் நாற்பத்தேழு கண்காணிப்புக் கிணறு. அதுல நாற்பத்தாறு அப்படியே ஒத்துப்போறது. இது ஒண்ணுதான் முரண்டு பண்றது."

"மத்த நாப்பத்தாறும் எங்க சார் கீது?"

"அதெல்லாம் எப்பவோ தூத்து வீடு கட்டிட்டாங்க."

"அப்ப அதுங்க எப்பிடி சார் ஒத்துப்போவுது?"

"தூத்த கிணறு மறுத்துப் பேசாதில்லையா!" என்றார் பட்டாபிராமன்.

ஞானாம்பாள் மட்டும் ஜீப்பில் ஏறும் முன் கிளியம்மாளிடம் தணிந்த குரலில், "எனக்குத் தெரியறதும்மா. அந்த ஏரியை மாத்தினாப் போதும், எல்லாம் சரியாயிடும். ஆனா அதுக்கு எனக்கு பாஸ்வேர்ட் கொடுக்கலை. அது தெரிஞ்சவர் ரிடையர் ஆயிட்டார்" என்றார். அவர் நல்லவர்தான். நல்லவர்களிடம் பாஸ்வேர்ட் இருப்பதில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். ஜெயவேலு கிணறு வெட்ட அனுமதி கேட்டதற்கே புறப்பட்டுவிட்டது. ஆனி மாதம், மையத்துக்குப் பண உதவி செய்யும் உயர்நிலைக் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. தில்லியிலிருந்து இரண்டு பேர், வெளிநாட்டிலிருந்து ஒருவர். திரையில் தெரியும் தண்ணீரும் தரையில் இருக்கும் தண்ணீரும் ஒன்றுதானா என்று ஒரே ஒரு கிணற்றில் நாடா விட்டுப் பார்ப்பார்களாம். மையத்தின் நாற்பத்தேழு கிணறுகளில் நாடா விடக்கூடிய நிலையில் இருந்தது ஒன்றுதான்.

பட்டாபிராமன் தாமே ஸ்கூட்டரில் ஜெயவேலு வீட்டுக்கு வந்தார். கொடுத்த மோரைக் குடித்தார்.

"ரெண்டு வழி இருக்கு ஜெயவேலு. ஒண்ணு, மாடலைத் திருத்தணும். அதுக்கு ஃபைல் போட்டு, ஒப்புதல் வாங்கி, வெளிநாட்டுக்கு எழுதி, ரெண்டு வருஷம் ஆகும். ரிப்போர்ட் வேற நீல அட்டை போட்டு ஆயிரம் காப்பி அடிச்சாச்சு. இன்னொண்ணு, கிணத்தைத் திருத்தணும். அதுக்கு ஒரு லாரி போதும்."

"எனக்கு போர் போட பர்மிசன் சார்?"

"குழு போன மறுநாள் நானே கையெழுத்துப் போடறேன். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். அவங்க கேட்டா, கிணத்துல எப்பவும் இப்படித்தான் தண்ணி இருக்கும்னு சொல்லணும்."

ஜெயவேலு கொட்டகைப் பக்கம் பார்த்தார். மூன்று எருமைகளும் அவரையே பார்த்தன. சரி என்றார்.

வருணா நகருக்குத் தெருத்தெருவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த லாரியைத் திருப்பி விட்டார்கள். டிரைவர் துளசிங்கம் முதல் நாள் இரண்டு லோடு ஊற்றிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் பார்த்தால் சேறுதான் இருந்தது.

"இன்னாண்ணா இது, கெணறா சல்லடையா?" என்றான்.

பட்டாபிராமன் யோசித்தார். மையத்துக்குக் கீழே இருந்த கல்யாண மண்டபத்தில் பந்தல் தார்ப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கிணற்றின் அடியிலிருந்து சுவர்வரைக்கும் விரித்து, நாலு மூலைக்கும் கயிறு கட்டிச் சுவரில் இழுத்துக் கட்டினார்கள். அதன்மேல் துளசிங்கம் நாலு நாளில் ஒன்பது லோடு ஊற்றினான். ஞானாம்பாள் நாடாவை விட்டுக்கொண்டே வந்து, பதினாலு அடி வந்ததும் கையைக் காட்டினார். அரைக் குடம் அதிகமாகிவிட்டதால் அதை மட்டும் முகந்து வெளியே ஊற்றச் சொன்னார்கள்.

அந்த அரைக் குடத்துக்கு மேல் யாரும் எடுக்கக் கூடாது என்பதற்காகச் சம்பந்தம் கிணற்றுச் சுவரில் காவலுக்கு உட்கார்ந்தார். கிளியம்மாள் குடத்தோடு வந்தபோது மறித்தார்.

"எடுக்காதம்மா. கொறைஞ்சா கணக்கு ஒதச்சுக்கும்."

"யோவ், இது எங்க கெணறு!"

"கெணறு உன்னுதுதாம்மா. தண்ணி மாடலுது."

கிளியம்மாளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாலு மாதம் கழித்து வாசலில் தண்ணீர் தளும்பி நிற்கிறது. எருமைகளுக்கு வாசனை தெரிந்து கட்டுத்தறியில் முட்டி முட்டிக் கத்துகின்றன. அவளோ கிணற்றைத் தாண்டி அடி பம்புக்குப் போய் வரிசையில் நின்றாள். கிணறு வறண்டிருந்தபோதுகூட அவளுக்கு அவ்வளவு தாகம் எடுத்ததில்லை.

குழு வந்தது. கிணற்றுக்கு மாலை போட்டிருந்தார்கள். கையகலக் கம்ப்யூட்டர் பிரிண்டைப் பிடித்துக்கொண்டு பட்டாபிராமன் "ஃபோர்ட்டீன் ஃபீட்" என்றார். வெளிநாட்டுக்காரர் தாமே குனிந்து நாடாவை விட்டார். பதினாலு அடி. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மனிதர் தம் தொழிலில் இப்படி ஒரு பொருத்தத்தைப் பார்த்ததே இல்லையாம், கண்கலங்கிவிட்டார். பிறகு வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்டார். பட்டாபிராமன் அதைத் தமிழில் சொன்னார்:

"கிணத்துல எப்பவும் இப்படித்தான் தண்ணி இருக்குமான்னு கேக்கறார்."

ஜெயவேலு அதுவரை தன் கிணற்றைப் பற்றி யாரிடமும் பொய் சொன்னதில்லை. நாடாக்காரரிடம்கூட, அரை அடி குறைந்திருந்தால் குறைந்திருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமா சார். எப்பவும் இப்படித்தான்."

கிளியம்மாள் விருட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள். ஜெயவேலுவைக் கிணற்றோடு சேர்த்து நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

ஜீப் போனதும் கிளியம்மாள் வெளியே வந்து மூன்று எருமைகளையும் அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் சேந்தி ஊற்றினாள். தலையில் ஊற்றினாள், முதுகில் ஊற்றினாள், அவை போதும் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வரைக்கும் தொட்டியை நிரப்பினாள். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் ஜெயவேலு பல மாதம் கழித்துப் பார்த்தார். பொழுது சாயும் நேரத்தில் மண்டபத்து ஆட்கள் வந்தார்கள். மறுநாள் அங்கே முகூர்த்தம், தார்ப்பாய் வேண்டுமாம். ஒரு பக்கத்துக் கயிறுகளை அவிழ்த்துவிட்டு மறு பக்கம் உருவிக்கொண்டு போனார்கள். விடிந்தபோது கிணற்றில் சேறும் பழைய வாளியும் இருந்தன.

அனுமதியை வாங்க ஜெயவேலு மையத்துக்குப் போனார். பேப்பரில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனால், சுவரில் சட்டம் போட்டுப் புதிய படம் மாட்டியிருந்தது. முன்பைவிடக் கருநீலம். அதன் பக்கத்தில் கிணற்றோடு அவருடைய போட்டோ.

"உங்க கிணத்து அளவையும் மாடல்ல சேர்த்தோம்," என்றார் பட்டாபிராமன். அவர் இப்போது இணை இயக்குநர். "சேர்த்ததும் சுத்து வட்டாரமே நீலமாயிடுச்சு. எல்லாம் உங்களாலதான்."

"என் போரு சார்?"

பட்டாபிராமன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நான் கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். ஆனா ஃபைல்ல உங்க வாக்குமூலம் இருக்கே! கிணத்துல எப்பவும் தண்ணி இருக்கும்னு சர்வதேசக் குழு முன்னாடி நீங்களே சொல்லியிருக்கீங்க. அதுக்கு மேல நான் எப்படிப் போட முடியும்?"

இரண்டாவது நிராகரிப்புக் கடிதத்தில் போட்டோவும் இணைப்பாக வந்தது. ஆடி பிறந்து முதல் வெள்ளியன்று ஓர் எருமையைச் சந்தைக்கு ஓட்டினார்கள். அடுத்த வெள்ளி இன்னொன்று. கிளியம்மாள் இரண்டு தடவையும் வாசல்வரைக்கும்கூட வரவில்லை.

அந்த வாரமே மூன்றாவது கடிதம் வந்தது. கிணறு எண் 47 மிகைநீர்க் கிணறாக அறிவிக்கப்படுகிறது. இனி வருணா நகருக்கு வேண்டிய தண்ணீர் தினமும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். வேறு இடத்திலிருந்து வந்துகொண்டிருந்த லாரி நிறுத்தப்படுகிறது. கடிதத்துக்குப் பின்னாலேயே காலி லாரியோடு துளசிங்கம் வந்து இறங்கினான். கிணற்றுக்குள் குழாயை இறக்கி மோட்டாரைப் போட்டான். அது கொஞ்ச நேரம் காற்றை உறிஞ்சிக் கத்திவிட்டு ஓய்ந்தது.

"நான் ஊத்துன தண்ணிய என்னையே எடுத்தார சொல்றானுங்கண்ணா," என்றான். "இன்னா பண்றது, டிரிப் ஷீட்ல கையெழுத்து வோணும். வெறுங்கையோட போனா என் வேல பூடும்."

ஜெயவேலு பேனாவை வாங்கினார். இன்னொரு பொய்க்கு அவருக்கு மனசில்லை. 'ஒரு லோடு காற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டம் சின்னது, 'காற்று' வெளியே போய்விட்டது. மையத்தில் கட்டத்துக்குள் இருந்ததை மட்டும் பதிந்துகொண்டார்கள். இப்படி ஐந்து நாள் வருணா நகருக்குத் தண்ணீர் போயிற்று.

ஆறாம் நாள், ஆடி மூன்றாம் வெள்ளி, காலையில் பட்டாபிராமன் ஸ்கூட்டரில் வந்தார். கால்மாட்டில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் இருந்தது. முகச்சவரம் செய்யவில்லை. சட்டை இரண்டு நாள் பழசு.

"அஞ்சு நாளாத் தெருவுக்கு ஒரு சொட்டு வரலை ஜெயவேலு," என்றார். "வீட்ல என்னை உள்ளேயே விட மாட்டேங்கறா. ஒரு குடம் கொடுங்க போதும்."

"கெணறு அங்கதான் கீது சார். எடுத்துக்கோங்க."

பட்டாபிராமன் குடத்தோடு போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். இந்தத் தடவை அவர் கையில் படம் இல்லை.

"என்னய்யா இது," என்றார். "தண்ணியே இல்லையே!"

சித்திரையிலிருந்து ஜெயவேலு அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். உள்ளே ஓடிப்போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து நீட்டினார்.

"இப்ப சொன்னீங்களே சார், அத்தயே எழுதிக் குடுங்க சார். தண்ணி இல்லைன்னு ஒரே வரி. நான் போர் போட்டுக்கறேன். மொதக் கொடம் உங்களுக்குத்தான் சார். எங்க வூட்டுக்குக்கூட அப்பறந்தான்."

பட்டாபிராமன் தாளைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். கொட்டகையில் தனியாக நின்ற எருமையைப் பார்த்தார். கடைசியாக இன்னொரு முறை கிணற்றுக்குள் பார்த்தார். பேனாவைக்கூட வாங்கினார். பிறகு மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடத்தை ஸ்கூட்டரில் வைத்தார்.

"எதுக்கும் ஆஃபீஸ் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றார்.

ஸ்கூட்டர் தெரு முனை திரும்பும் வரைக்கும் ஜெயவேலு தாளைப் பிடித்துக்கொண்டே நின்றார். கொட்டகையிலிருந்து கிளியம்மாள் கேட்டாள்:

"இன்னாய்யா சொன்னாரு?"

"தண்ணி கீதா இல்லையான்னு போய்ப் பாத்துட்டு சொல்றாராம்."

கிளியம்மாள் எருமையின் நெற்றியில் கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். வெள்ளிக்கிழமை என்று தெரிந்தும், கட்டுத்தறியிலிருந்து கயிற்றை அவளே அவிழ்த்தாள்.